எக்ஸ்டெண்ட்: பொருள் புரிந்து, பிழையில்லாமல் எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

கட்டட கான்ட்ராக்ட் அலுவலகத்தில் கடிதம் எழுதுவது என் வேலை. மழை, மணல் தட்டுப்பாடு, வரைபடம் கைக்கு வரத் தாமதம் என்று ஏதோ ஒன்றால் வேலை முடிகிற தேதி நகர்ந்துகொண்டே போகும். அப்போதெல்லாம் டைம் எக்ஸ்டென்ஷன் கேட்டுக் கடிதம் போக வேண்டும். புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கும் வேலையும் அதுதான்.

எக்ஸ்டெண்ட் என்றால் நீட்டுவது, நீட்டிப்பது. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தடுமாறுவது அந்தச் சொல்லின் கடைசி எழுத்தில், பக்கத்தில் நிற்கிற சின்னச் சொற்களில், அந்த இடத்தில் வேறு சொல் வரவேண்டியதைக் கவனிக்காததில். கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். முதல் படியை விட்டுவிட்டு ஐந்தாவதுக்குத் தாவினால் அங்கே நின்றுவிடுவீர்கள்.

1. எழுத உட்காரும் முன் கையில் வேண்டியவை

ஒரு துண்டுத் தாளில் நான்கு விவரம் குறித்துக்கொள்ளுங்கள்: பழைய முடிவு எது, புதிய முடிவு எது, இரண்டுக்கும் இடையே எவ்வளவு, நீட்டித்துத் தரும் அதிகாரம் யாருக்கு.

ஏன் இது முதலில்? எக்ஸ்டெண்ட் என்பது ஏற்கெனவே இருக்கிற ஒன்றின் முனையை நகர்த்துவது. தொடக்கம் அசையாது, முடிவு மட்டும் அப்பால் போகும். பழைய முனையும் புதிய முனையும் தெரியாமல் வாக்கியத்தைத் தொடங்கினால் பாதியில் எந்தச் சொல்லைப் போடுவது என்று தெரியாது.

நாள் எண்ணுவதில் ஒரு கவனம் வேண்டும். கெடு மார்ச் 15 என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 14 வரை வேண்டும் என்றால் அது 30 நாள். புதியவர்கள் மார்ச் 15-ஐயும் சேர்த்து 31 என்று எழுதிவிடுவார்கள். மார்ச் 15 பழைய கெடுவிலேயே அடங்கிவிட்டது. 16-லிருந்துதான் எண்ண வேண்டும். கடிதத்தில் தேதி ஒன்றும் நாள் கணக்கு வேறொன்றுமாக இருந்தால், படிக்கிற அதிகாரி இரண்டையுமே நம்பமாட்டார்.

2. கடைசி எழுத்தைச் சரிபாருங்கள்

எக்ஸ்டெண்ட் என்று நம் காதில் விழுகிற சொற்கள் ஆங்கிலத்தில் இரண்டு. ஒன்று, நீட்டு என்ற வினை. இன்னொன்று, அளவு என்று பொருள்படும் பெயர்ச்சொல். கடைசி எழுத்து மட்டும்தான் வேறு.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இது தனிச் சிக்கல். வண்டி, நண்டு, கண்டம் என்று சொல்லிப் பாருங்கள். ண்-க்குப் பின்னால் வருகிற ட எப்போதும் மென்மையாகத்தான் ஒலிக்கும். வட்டி, பட்டம் என்பதில் வருகிற வல்லோசை அங்கே வராது. அந்தப் பழக்கத்தில் இரண்டு ஆங்கிலச் சொற்களையும் ஒரே மாதிரி சொல்கிறோம். சொல்கிற மாதிரியே எழுதுகிறோம். எழுத்தைச் சொல்லித் திருத்தலாம் என்றால் அதுவும் கஷ்டம். நம் பேச்சில் இரண்டு எழுத்தின் பெயரும் டி தான். அதனால் நான் சொல் வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன்: நீட்டு என்ற வினை, டாக்டர் என்ற சொல்லின் முதல் எழுத்தில் முடியும். அளவு என்ற பெயர்ச்சொல், டேபிள் என்ற சொல்லின் முதல் எழுத்தில் முடியும்.

கணினியின் எழுத்துப்பிழைத் திருத்தியை நம்ப வேண்டாம். இரண்டுமே உள்ள சொற்கள் என்பதால் அது பெரும்பாலும் பேசாமல் விட்டுவிடும். நீங்களே ஒரு சோதனை செய்யுங்கள். அந்த இடத்தில் தமிழில் ‘அளவு’ என்று வைத்துப் பாருங்கள். ஓரளவுக்கு, எந்த அளவுக்கு, பெருமளவுக்கு என்று பொருந்தினால் டேபிள் எழுத்து. ‘நீட்டு’ பொருந்தினால் டாக்டர் எழுத்து. ‘டு சம் எக்ஸ்டென்ட்’ என்பதில் வருவது அளவு. ‘ப்ளீஸ் எக்ஸ்டெண்ட் தி டேட்’ என்பதில் வருவது நீட்டு.

அடுத்தது எக்ஸ்டென்ஷன். இதில் ‘ஷன்’ வருகிற இடத்தில் அட்டென்ஷன் மாதிரி எழுதிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அட்டெண்ட், இன்டெண்ட் இரண்டும் பெயர்ச்சொல்லாகும்போது டேபிள் எழுத்தை எடுத்துக்கொள்கின்றன. எக்ஸ்டெண்ட் அப்படிச் செய்வதில்லை. நினைவில் வைக்க ஒரு நல்ல வழி உண்டு. டென்ஷன் என்ற சொல்லை நாள் முழுக்கச் சொல்கிறோம். அதன் முன்னால் ‘எக்ஸ்’ சேர்த்தால் எக்ஸ்டென்ஷன். எழுத்து அப்படியே அதேதான். இரண்டும் இழுத்தல் என்ற ஒரே வேரில் பிறந்தவை என்பதால் இது வெறும் நினைவுக்குறிப்பு மட்டும் இல்லை.

3. நகர்வது முனை மட்டும்தானா என்று பாருங்கள்

சொல்லைத் தேர்ந்தெடுக்கும் படி இது. முதல் படியில் சொன்ன முனைக் கணக்கு இங்கே உதவும்.

தேர்வு திங்கள்கிழமை நடக்க வேண்டியது, வியாழனுக்குப் போய்விட்டது. இதற்கு எக்ஸ்டெண்ட் போடக்கூடாது. தொடக்கம், முடிவு இரண்டும் சேர்ந்து நகர்ந்திருக்கின்றன. அது போஸ்ட்போன், தள்ளிவைப்பு. ‘தி எக்ஸாம் இஸ் எக்ஸ்டெண்டட் டு தர்ஸ்டே’ என்று எழுதினால், திங்களன்று தொடங்கிய தேர்வு வியாழன் வரை நடக்கிறது என்று பொருளாகிவிடும். ஆனால் அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதி நகர்ந்தால் அது எக்ஸ்டெண்ட்தான். தமிழில் ‘கெடு தள்ளிப்போனது’, ‘தேர்வு தள்ளிப்போனது’ என்று இரண்டுக்கும் ஒரே வினையைச் சொல்வதால் வருகிற குழப்பம் இது.

காலம் முடிந்துபோன ஒன்றுக்கும் எக்ஸ்டெண்ட் சரிவராது. முனை கடந்துவிட்ட பிறகு அதை எப்படி நகர்த்துவது? ஓட்டுநர் உரிமம், காப்பீட்டு பாலிசி போல ஒரு காலம் முடிந்து மறுகாலம் தொடங்குகிறவற்றுக்கு ரின்யூ. விசாவில் தங்கும் காலம் முடிவதற்கு முன்பே கூடுதல் நாள் கேட்டால் எக்ஸ்டெண்ட்.

மற்றவை சுருக்கமாக. புரொலாங் பெரும்பாலும் காலத்துக்கு. வேண்டாதது இழுத்துக்கொண்டே போகிற வாடை அதில் அடிக்கும். நோய், போர், வழக்கு இவற்றோடு அது நன்றாகச் சேரும். விடுப்பு கேட்கும் கடிதத்தில் அதைப் போடாதீர்கள். லெங்தன் தையற்கடைச் சொல்: பாவாடையை இரண்டு அங்குலம் இறக்கித் தைப்பது லெங்தன். மாலையில் நிழல் நீள்வதும் அதுவே. எலாங்கேட் என்றால் உருவமே இழுபட்டு ஒல்லியாவது. கம்பியில் எடை தொங்கவிட்டு எவ்வளவு நீள்கிறது என்று அளக்கும் இயற்பியல் பாடத்தில் அதைப் படித்திருப்பீர்கள். அலுவலகக் கடிதத்தில் அதற்கு வேலை இல்லை.

4. தானாக நீள்கிறதா, யாராவது நீட்டினார்களா?

தமிழில் நீள், நீட்டு என்று இரண்டு வினை வைத்திருக்கிறோம். சாலை நீள்கிறது, சாலையை நீட்டினார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எக்ஸ்டெண்ட் ஒன்றே. அதனால் வாக்கிய அமைப்பை வைத்துத்தான் வேறுபாடு காட்ட முடியும்.

மேற்குத் தொடர்ச்சி மலை குஜராத் எல்லையருகே தொடங்கிக் கன்னியாகுமரி வரை சுமார் 1,600 கி.மீ. நீள்கிறது. யாரும் அதை நீட்டவில்லை. எனவே ‘தி வெஸ்டர்ன் காட்ஸ் எக்ஸ்டெண்ட் ஃப்ரம் குஜராத் டு கன்னியாகுமரி’ என்பது சரி. ‘ஆர் எக்ஸ்டெண்டட்’ என்று போட்டால் யாரோ வந்து மலையை நீளமாக்கியது போல் ஆகிவிடும். போட்டித் தேர்வுக் கட்டுரைகளைத் திருத்திக் கொடுக்கும்போது இந்தப் பிழையைத்தான் அதிகமாகப் பார்க்கிறேன்.

சென்னை மெட்ரோ அப்படி இல்லை. வண்ணாரப்பேட்டையோடு நின்றிருந்த பாதையை விம்கோ நகர் வரை சுமார் 9 கி.மீ. கொண்டுபோனார்கள்; 2021 பிப்ரவரி 14-ல் அது திறக்கப்பட்டது. பழைய முனை, புதிய முனை, நீட்டிய கை எல்லாம் இருக்கிறது. இங்கே ‘தி லைன் வாஸ் எக்ஸ்டெண்டட் டு விம்கோ நகர்’ என்பதே சரி.

5. டு, பை, அன்டில்: எது எங்கே?

நேரம் எடுத்துக்கொண்டு படிக்க வேண்டிய படி இது. என் மேசைக்கு வருகிற கடிதங்களில் பாதிப் பிழை இங்கேதான்.

புதிய முனையைச் சொன்னால் டு. முனை நகர்ந்த தூரத்தைச் சொன்னால் பை. பழைய முனையைச் சொன்னால் ஃப்ரம். இவ்வளவுதான் விதி. துண்டுத் தாளில் எழுதி வைத்த முதல் மூன்று விவரமும் இந்த மூன்று சொல்லுக்கானவை.

எல்லாருக்கும் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டு. 2025-ல், கணக்குத் தணிக்கை தேவைப்படாதவர்கள் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதி ஜூலை 31 ஆக இருந்தது. அதைச் செப்டம்பர் 15-க்கு நகர்த்தினார்கள். கடைசி நேரத்தில் இன்னும் ஒரு நாள் சேர்த்து 16 ஆக்கினார்கள். இதை எழுதும் விதம் இதோ:

‘தி டியூ டேட் வாஸ் எக்ஸ்டெண்டட் ஃப்ரம் ஜூலை 31 டு செப்டம்பர் 15.’ பழைய முனையும் புதிய முனையும் வந்துவிட்டன.

‘தி டியூ டேட் வாஸ் எக்ஸ்டெண்டட் பை 46 டேஸ்.’ இது தூரம்.

‘இட் வாஸ் ஃபர்தர் எக்ஸ்டெண்டட் பை ஒன் டே.’ இரண்டாம் முறை என்பதை ஃபர்தர் காட்டுகிறது. ஒரே விஷயத்துக்கு மறுபடி நீட்டிப்பு கேட்கும்போது இந்தச் சொல்லை விடாதீர்கள். அது இல்லாவிட்டால் முதல் நீட்டிப்பு வாங்கியதை மறைக்கிறீர்கள் என்று எதிர்த்தரப்பு சொல்ல இடம் கொடுக்கும்.

ஏன் நம்மவர்கள் பை-யைத் தவறவிடுகிறார்கள்? தமிழில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். ‘இரண்டு வாரம் நீட்டித்தார்கள்’ என்கிறோம். வாரத்தோடு எந்த உருபும் ஒட்டவில்லை. ‘வரை’ என்பது டு-வுக்கு நேராக இருக்கிறது. பை-க்கு நேராக எதுவும் இல்லை. அதனால் தெரிந்த டு-வை எடுத்து அங்கேயும் போட்டு ‘எக்ஸ்டெண்டட் டு டூ வீக்ஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் மொத்தக் காலமே இரண்டு வாரம் என்று ஆகிவிடும். ஒரு வாரத்துக்குக் கொடுத்த வேலை இரண்டு வாரமானால் அது சரி. பத்து வார வேலைக்கு இன்னும் இரண்டு வாரம் என்றால் தப்பு.

இதைவிட ஆபத்தான பிழை ஒன்று உண்டு. எங்களிடம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ‘ப்ளீஸ் எக்ஸ்டெண்ட் தி டைம் பை ஏப்ரல் 14’ என்று எழுதி அனுப்பிவிட்டாள். பை-யோடு தேதி வந்தால் ‘அந்தத் தேதிக்குள்’ என்று பொருள். ஏப்ரல் 14-க்குள் நீட்டித்துக் கொடுங்கள் என்று கேட்டதாகிவிட்டது; எத்தனை நாள் வேண்டும் என்பது கடிதத்தில் எங்கேயும் இல்லை. எத்தனை நாள் என்று கேட்டு ஒரு பதில் வந்தது. நாங்கள் திருத்தி அனுப்புவதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. ‘என்னக்கா, ரெண்டெழுத்துச் சொல்லுக்கு ஒரு வாரமா?’ என்று அவள் முகம் வாடி நின்றது இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து நான் ஒன்றைப் பிடிவாதமாகச் சொல்லிவருகிறேன்: எக்ஸ்டெண்ட் வருகிற வாக்கியத்தில் பை-க்குப் பின்னால் நாள், வாரம், மாதம், மீட்டர் என்று அளவுதான் வர வேண்டும். தேதி வந்தால் நிறுத்திப் பாருங்கள்.

அன்டில், டில் இரண்டும் ஒரு நிலை தொடர்வதைச் சொல்ல நல்லவை. 2020-ல் ஏப்ரல் 14-ல் முடிய வேண்டிய ஊரடங்கை மே 3 வரை நீட்டித்தார்கள். ‘தி லாக்டவுன் வாஸ் எக்ஸ்டெண்டட் அன்டில் மே 3’ என்பது இயல்பாக இருக்கிறது. டு போட்டாலும் தப்பில்லை. அரசாணைகளில் ‘அப் டு’ என்று பார்த்திருப்பீர்கள். புரியும், பிழையும் இல்லை. ஆனால் டு ஒன்றே போதும். ‘ஃபார் டூ வீக்ஸ்’ என்றும் எழுதுவார்கள். கூடுதலாக இரண்டு வாரமா, மொத்தமே இரண்டு வாரமா என்று யாரும் கேட்டுவிடக்கூடாது என்பதற்காக நான் கடிதங்களில் பை-யையே வைத்துக்கொள்கிறேன்.

6. பெயர்ச்சொல்லாக எழுதும்போது

பேச்சில் ‘எக்ஸ்டெண்ட் பண்ணுங்க’ என்று சொல்லிப் பழகியதால் அதுவே ஒரு பெயர்ச்சொல் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ‘ப்ளீஸ் கிவ் ஒன் எக்ஸ்டெண்ட்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. கேட்பது எக்ஸ்டென்ஷன். கேட்கிறவர் ரிக்வெஸ்ட் அல்லது சீக் செய்வார். கொடுக்கிறவர் கிராண்ட் செய்வார். இதனால்தான் அதிகாரம் யாருக்கு என்று முதலிலேயே குறிக்கச் சொன்னேன். ‘ஐ ஆம் எக்ஸ்டெண்டிங் மை லீவ்’ என்று மேலதிகாரிக்கு எழுதினால், அனுமதி கேட்பதாக இல்லாமல் நீங்களே முடிவெடுத்ததை அறிவிப்பதாகிவிடும்.

இரண்டு அமைப்பு போதும்: ‘அன் எக்ஸ்டென்ஷன் ஆஃப் 30 டேஸ்’, ‘எ 30-டே எக்ஸ்டென்ஷன்’. இரண்டாவதில் டே ஒருமையில் நிற்பதைக் கவனியுங்கள். தமிழிலும் ‘30 நாள் நீட்டிப்பு’ என்றுதான் சொல்கிறோம், நாட்கள் என்பதில்லை. அதே கணக்கு.

7. கடிதத்தை இந்த வரிசையில் கட்டுங்கள்

முதலில் பொருள் வரி: ‘ரிக்வெஸ்ட் ஃபார் எக்ஸ்டென்ஷன் ஆஃப் டைம்’, பக்கத்தில் வேலையின் பெயர், ஒப்பந்த எண். கோப்பைப் புரட்டுகிறவருக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான்.

முதல் வாக்கியத்திலேயே கோரிக்கையை வையுங்கள்: ‘வீ ரிக்வெஸ்ட் யூ டு எக்ஸ்டெண்ட் தி கம்ப்ளீஷன் டேட் பை 30 டேஸ், ஃப்ரம் மார்ச் 15 டு ஏப்ரல் 14.’ மூன்று சின்னச் சொல்லும் ஒரே வரியில் வந்துவிட்டன. ஒன்று மற்றதைச் சரிபார்த்துக்கொடுக்கும். தேதியில் கைப்பிழை இருந்தால்கூட நாள் கணக்கு காட்டிக்கொடுக்கும்.

காரணம் அதற்குப் பின்னால். புதியவர்கள் மழை எப்போது தொடங்கியது என்பதிலிருந்து ஆரம்பித்து இரண்டாம் பக்கத்தில்தான் கோரிக்கைக்கு வருவார்கள். அதற்குள் படிக்கிறவர் என்ன கேட்கிறார்கள் என்று தேடத் தொடங்கிவிடுவார். எந்த நாட்களில் வேலை நின்றது என்று தேதியோடு கொடுங்கள். ‘டியூ டு ஹெவி ரெயின்ஸ்’ என்று மட்டும் எழுதிவிட்டால் 30 நாள் எப்படி வந்தது என்பதற்குப் பதில் இருக்காது.

பழைய கெடு முடிவதற்கு முன்பே கடிதம் அவர்கள் கையில் சேர்ந்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கியிருக்க வேண்டும். கெடு கடந்தபின் போகிற கடிதம் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்பதாகத்தான் படிக்கப்படும்; அபராதப் பேச்சும் அங்கேதான் தொடங்கும்.

8. கை நீட்டும் பொருள்

எக்ஸ்டெண்ட் என்பதற்கு அளிப்பது, தெரிவிப்பது என்றும் பொருள் உண்டு. நன்றி, வாழ்த்து, அழைப்பு, இரங்கல், ஒத்துழைப்பு எல்லாவற்றோடும் வரும். இங்கே நகரும் முனை நம் கைதான். அது அடுத்தவரை நோக்கிப் போகிறது. யாருக்கு என்பதற்கு டு: ‘வீ எக்ஸ்டெண்ட் அவர் கண்டோலன்சஸ் டு தி ஃபேமிலி.’ கடிதத்துக்கும் மேடைக்கும் இது பொருந்தும். நண்பனிடம் நேரில் பேசும்போது இவ்வளவு விறைப்பு வேண்டாம்.

சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் இங்கே அடி சறுக்கும். ‘ஹி எக்ஸ்டெண்டட் ஹிஸ் ஹேண்ட்’ என்றால் கைகுலுக்கக் கை கொடுத்தார் என்று பொருள். ‘கை நீட்டினார்’ என்று எழுதினால், தமிழில் அடித்தார் என்றும் படிக்கலாம், லஞ்சம் வாங்கினார் என்றும் படிக்கலாம்.

9. தமிழுக்குக் கொண்டுவரும்போது

ஒரே தமிழ்ச் சொல்லை எல்லா இடத்திலும் ஒட்டாதீர்கள். காலம், பணி, வழித்தடம் இவற்றுக்கு நீட்டிப்பு. பரப்பு பெருகினால் விரிவாக்கம். ஊராட்சி ஒன்றியங்களில் இருக்கிற வேளாண்மை விரிவாக்க மையத்தில் அதே எக்ஸ்டென்ஷன்தான் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் உள்ளதை வயல் வரை கொண்டுசேர்ப்பது அதன் பொருள். மின்சார எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எல்லாரும் அப்படியேதான் சொல்கிறோம், அப்படியே எழுதலாம். எக்ஸ்டெண்டட் ஃபேமிலி என்றால் கூட்டுக்குடும்பம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அந்த ஆங்கிலச் சொல்லில் இல்லை. பல இடங்களில் சொந்தபந்தம் என்பதே சரியாகப் பொருந்தும்.

கடன் செய்திகளில் இன்னும் கவனம் வேண்டும். ‘தி பேங்க் எக்ஸ்டெண்டட் எ லோன்’ என்றால் வங்கி கடன் கொடுத்தது என்று பொருள். அதைக் ‘கடனை நீட்டித்தது’ என்று எழுதினால் பழைய கடனுக்குத் தவணை கூட்டிக் கொடுத்தார்கள் என்று படிப்பார்கள். இலங்கைக்கு 2023 மார்ச்சில் பன்னாட்டு நாணய நிதியம் ஒப்புக்கொண்ட திட்டத்தின் பெயரிலும் எக்ஸ்டெண்டட் இருக்கிறது. அது 48 மாதத் திட்டம். அங்கே அந்தச் சொல் காட்டுவது நீண்ட காலத்தை, பழைய கடனின் தவணையை அல்ல. இப்படி ஒரு வரி வந்தால் அடுத்த வரியில் தொகை இருக்கிறதா, தேதி இருக்கிறதா என்று பாருங்கள். தொகை மட்டும் இருந்தால் பெரும்பாலும் கொடுத்தது. பழைய தேதியும் புதிய தேதியும் இருந்தால் நீட்டித்தது. அதைப் பார்க்காமல் தமிழாக்கத்தைக் கையெழுத்துக்கு அனுப்பாதீர்கள்.